ஷார்ஜா க்ரீம்

பவுடர் பூசும்போது பெரும்பாலான பெண்கள் கழுத்தை மறந்துவிடுகிறார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாகக் கல்யாண வீட்டில் வந்து நிற்பார்கள். போட்டோவில் அது இன்னும் மோசமாகத் தெரியும். நான் அலங்காரம் செய்த எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஆனதில்லை. மரக்காணம் பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மேடம்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எனக்கும் அலுத்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லி, யாரிடம் எதைச் சொன்னேன் என்று நினைவில் வைத்துக்கொள்வதே பெரிய வேலையாகப் போய்விட்டது. இங்கே ஒரே விதமாகச் சொன்னால் போதும் என்பது ஒரு வகையில் நிம்மதிதான்.

என் வீட்டுக்காரர் பக்கீர் முஹம்மது பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். வளையல், ரிப்பன், சோப்பு, பவுடர், ஸ்டிக்கர் பொட்டு. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. பெண்களுக்கு மருதாணி வைப்பது, மணப்பெண் அலங்காரம் எல்லாம் அங்கேதான். அந்த அறைக்குள் அவர் வரமாட்டார். பெண்கள் இருக்கிற இடம் என்று வாசலிலேயே நின்று இருமுவார். அவரை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது என்று மட்டும் சொல்கிறேன்.

என் தம்பி ஷஃபி ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறான். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்த வருஷம், நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் லீவில் வந்தான். அத்தர், பாதாம், போர்வை இதோடு ஒரு பெரிய வெள்ளை டப்பாவும் கொண்டுவந்தான். மூடியில் ஒரு பெண் முகம். பாதி கருப்பு, பாதி வெள்ளை.

"அக்கா, அங்க பொம்பளைங்க எல்லாம் இதைத்தான் போடுறாங்க. கொஞ்ச நாள்லயே தெரியும் பாரு. நம்ம தமன்னாவுக்குப் போட்டு விடு" என்றான்.

தமன்னா என் ஒரே மகள். என் நிறம். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் படித்தவர், யூனிஃபார்ம் போட்டிருக்கிறீர்கள், உங்களை யாரும் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். என்னைப் பார்க்க வந்தவர்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, "பொண்ணு ரொம்ப குணமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்தில் குணமாக இருக்கிறது என்றால் கருப்பு என்று அர்த்தம். அப்படி எத்தனையோ வீட்டார் என் குணத்தைப் பாராட்டிவிட்டுப் போன பிறகுதான் இவர் வந்தார். அப்படிப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் தலையைக் குனிந்து என் மகளும் உட்கார வேண்டாம் என்று நினைத்தேன். அது ஒரு தாய்க்கு இயல்பு.

க்ரீம் நன்றாக வேலை செய்தது. அதை மறுக்க முடியாது. முதலில் மூக்கின் இரண்டு பக்கமும் வெளுத்தது, பிறகு கன்னம், நெற்றி. பெருநாளுக்குள் என் மகளைப் பார்க்க எனக்கே புதிதாக இருந்தது. ஹஜ் பெருநாள் சமயம் கோட்டகுப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். பையன் இஜாஸ், துபாயில் இருக்கிறான். அவன் அம்மா தமன்னாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்து, "மாஷா அல்லாஹ், பால் மாதிரி இருக்கா" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது. பையனுக்கு லீவு கிடைக்கிறபடி, அடுத்த நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேசி முடித்தோம்.

தமன்னாவைப் பார்த்துவிட்டு ஊர்ப் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நானாக யாரிடமும் போய் விற்கவில்லை, மேடம். ஊருக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்தனுப்பச் சொல்லி ஷஃபிக்கு போன் செய்தேன். அவன் பெரிய டப்பாக்களாக அனுப்பினான். அதிலிருந்து ஐஸ்க்ரீம் ஸ்பூனால் எடுத்து, ரோஸ் மூடி போட்ட சின்ன டப்பிகளில் அடைத்துக் கொடுத்தேன். பெரிய டப்பாவில் அரபியிலும் இங்கிலீஷிலும் ஏதேதோ எழுதியிருந்தது. எனக்கு இரண்டும் படிக்க வராது. அரபி ஓத வரும். அது வேறு.

செங்கேணி வந்தது அப்போதுதான்.

அவள் பாப்பாத்தியின் மகள். பாப்பாத்தி உப்பளத்தில் கூலிக்குப் போகிறவள். புருஷன் செத்துப் பல காலம் ஆகிறது. செங்கேணியும் தமன்னாவும் பத்தாவது வரை ஒரே பெஞ்ச். செங்கேணி பத்தாவதில் தவறிவிட்டாள், அம்மாவோடு உப்பு வாரப் போய்விட்டாள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெயில் மேலேயிருந்தும் விழும், கீழேயிருந்தும் விழும். பாத்தியில் பூத்துக் கிடக்கிற உப்பு கண்ணாடி மாதிரி முகத்தில் அடிக்கும். அவள் பிறந்தபோது கருப்பு இல்லை என்று பாப்பாத்தி எப்போதும் சொல்வாள். யாராவது கேட்டால்தான் சொல்வாள் என்றில்லை, கேட்காமலும் சொல்வாள்.

அந்த வருஷம் கடல் ஏறி வந்ததில் பாத்தியெல்லாம் சேறு. கொஞ்ச காலம் வேலை இல்லை. அந்தச் சமயத்தில் கீழ்புத்துப்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் பலராமன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பையனுக்கு செங்கேணியைப் பிடித்துப் போயிற்று. அவன் அம்மாதான் இழுத்தாள். "பொண்ணு ரொம்ப வெயில்ல அடிபட்டுப் போயிருக்குது. கொஞ்ச நாள் வீட்ல வச்சிப் பாருங்க. அடுத்த தை மாசம் மறுபடி வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

செங்கேணி பின்னறைக்கு வந்து வாசலில் நின்றாள். செருப்பை வெளியில் விட்டுவிட்டு, பாதம் வெடித்திருப்பது தெரியாமல் பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அத்தை, தமன்னாவுக்குப் போட்டீங்களே, அது எனக்கும் வேணும்."

"உனக்கு எதுக்குடி? நல்லாத்தானே இருக்க."

"நல்லா இருக்கிறேன்னு நீங்க சொல்றீங்க. அந்தம்மா சொல்லணுமே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அவளைப் பிடிக்கும். முதல் டப்பியை நானே அவள் முகத்தில் பூசிக் காட்டினேன். எப்படித் தேய்க்க வேண்டும், கண்ணுக்கு எவ்வளவு தள்ளிப் பூச வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அக்கறை இல்லாமல் கொடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

சித்திரை மாதம் தமன்னாவுக்குக் காலையில் கண் வீங்க ஆரம்பித்தது. முதலில் தூக்கம் என்று நினைத்தோம். பிறகு கால் வீங்கியது. கொலுசு போட முடியவில்லை, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீர் நுரையாகப் போகிறது என்று என்னிடம் கூச்சத்தோடு சொன்னாள். கோட்டகுப்பத்துக்குத் தெரிந்தால் சம்பந்தம் போய்விடும். அதனால் தமன்னா புதுச்சேரியில் கம்ப்யூட்டர் க்ளாஸ் போகிறாள் என்று சொல்லிவிட்டு, அங்கே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயதானவர். பொறுமையாகக் கேட்டார். எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்துக்கு என்னம்மா போடுற?" என்றார்.

தமன்னா என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைக் கொண்டுபோயிருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று இப்போது யோசித்தால், எனக்கே அப்போது ஏதோ தோன்றியிருக்க வேண்டும். டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இதுல பாதரசம் இருக்கும்மா. காய்ச்சல் பாக்கிற கண்ணாடிக் குச்சில ஓடுமே, அது. தோல் வழியா உள்ள போய் கிட்னியைக் கெடுக்குது. வெளிநாட்டுலருந்து வர்ற இந்த மாதிரி க்ரீமால நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். இன்னைக்கே நிறுத்துங்க. நிறுத்தினா சரியாகிடும். நிறுத்தலைன்னா பொண்ணு தங்காது. வேற யாராவது போடுறாங்களா?"

"இல்லைங்க டாக்டர். இவளுக்கு மட்டும்தான் என் தம்பி அனுப்பினான்" என்றேன்.

டாக்டர்களிடம் நான் சொன்ன முதல் பொய் அது. எழுதிக்கொள்ளுங்கள்.

தமன்னா நிறுத்தினாள். டாக்டர் சொன்னபடியே வீக்கம் வடிந்தது. முகம் திரும்பக் கருக்க ஆரம்பித்தது, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக. வெயிலே படாமல் வீட்டுக்குள் வைத்தேன். தயிர், கடலை மாவு எல்லாம் பூசினேன். கோட்டகுப்பத்தார் பார்க்க வந்தால் உடம்பு சரியில்லை, படிப்பு என்று சொல்லித் தள்ளினேன். நிக்காஹ் நாளைக்கு என் கையால் அலங்காரம் செய்துகொள்ளலாம், அதுவரை தாண்டினால் போதும் என்று இருந்தேன். க்ரீமையெல்லாம் கொட்டிவிட்டேன் என்று தமன்னாவிடம் சொன்னேன். அவள் நம்பினாள். நான் பெற்றவள், ஏன் நம்பமாட்டாள்?

டாக்டரிடம் போய்விட்டு வந்த மறுநாளே செங்கேணி அடுத்த டப்பிக்கு வந்தாள்.

இந்த இடத்தைச் சரியாக எழுத வேண்டும், மேடம். யோசிக்காமல் கொடுத்தேன் என்று எழுதாதீர்கள். யோசித்தேன். அவள் வாசலில் நின்றுகொண்டு பலராமன் ஆட்டோவில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அலமாரி முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். அவளிடம் காரணம் சொன்னால் பாப்பாத்திக்குச் சொல்வாள். பாப்பாத்தி வாயில் எதுவும் நிற்காது. பஜாரில் ஒருத்திக்குத் தெரிந்தால் கோட்டகுப்பம் பஸ்ஸில் ஏறிப் போய்விடும். தமன்னாவின் நிறம் டப்பாவிலிருந்து வந்தது, அவள் கிட்னி கெட்டுப்போனது என்று ஆகிவிடும். ஒரே நாளில் எல்லோருக்கும் நிறுத்தினாலும் அதே கேள்விதான் வரும். அதனால் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். குறைக்கவில்லை.

ஸ்கூல் டீச்சர் ஒருத்தர் வாங்கிக்கொண்டிருந்தார். போர்டில் எழுதும்போது கை நடுங்குகிறது என்றார். சத்து குறைவாக இருக்கும், முருங்கைக்கீரை சாப்பிடுங்கள் என்றேன். அவர் நல்லவேளையாக டிரான்ஸ்ஃபரில் போய்விட்டார்.

ஆடி மாதம் செங்கேணி வந்தாள். நல்ல நிறம் வந்திருந்தது. அவ்வளவு வெயிலில் நின்றும் அந்த நிறம். முந்தானையை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் உப்பு வாருகிறாளாம். பலராமனின் அம்மா ஒருநாள் மார்க்கெட்டில் பார்த்துவிட்டு அசந்துபோய், தையில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது செங்கேணி பக்கத்தில் இருந்த ரிப்பன் சுருளைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினாள்.

பிறகுதான், "அத்தை, காலையில கண்ணு வீங்கிக்கிது" என்றாள்.

"தூக்கம் பத்தலடி. கல்யாணக் கனவு" என்றேன்.

அவள் வெட்கப்பட்டாள். நான் கீழே பார்த்தேன். கால் வெடிப்புகள் எல்லாம் மூடியிருந்தன. பாதம் உப்பியிருந்தது.

அதற்கப்புறம் வேகமாகத்தான் போயிற்று. உப்பளத்தில் மயங்கி விழுந்தாள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாப்பாத்தி என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அக்கா, எனக்கு அங்க ஒண்ணும் புரியல. டாக்டருங்க கேக்கிறதுக்குப் பதில் சொல்லத் தெரியல. நீ ஒரு தடவை வா, அக்கா" என்றாள். கம்ப்யூட்டர் க்ளாஸுக்கு என்று தமன்னாவோடு அந்த ஊருக்குப் போய் வந்தவள் நான், எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அவள் நினைத்ததும் சரிதான்.

வார்டில் கூட்டம். சின்ன வயது டாக்டர் ஒருத்தர், கண்ணெல்லாம் சிவந்து, நின்றபடியே கேட்டார். "நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா? வலி மாத்திரை? வேற ஏதாவது?"

பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். செங்கேணியும் என்னைப் பார்த்தாள். முகத்துக்குப் பூசுவதை யாராவது மருந்து என்று நினைப்பார்களா? அவர்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது.

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றேன்.

பாப்பாத்திதான் கையைப் பிசைந்துகொண்டு கேட்டாள். "சார், நாங்க உப்பளத்து ஜனங்க. சின்னப் புள்ளயிலருந்து உப்புலயே நிக்குது. உப்பு உடம்புல ஏறிடுச்சா சார்?"

டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. எழுதிக்கொண்டே, "உப்பு சுத்தமா சேர்க்கக் கூடாது. சோத்துல, குழம்புல, எதுலயும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இந்த வியாதிக்கு எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள், தமன்னாவுக்கும் சொன்னார்கள். ஆனால் பாப்பாத்திக்கு அதுவே தீர்ப்பாகிவிட்டது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் இழுத்துக்கினு போனேன் அக்கா. பத்தாவது போனா போவுது, இன்னொரு தடவை எழுதுறேன்னு சொல்லிச்சு. நான்தான் உப்பு வாரக் கூட்டிப் போனேன்."

"ஆமா பாப்பாத்தி. உப்புதான்" என்றேன். அவளுக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது செங்கேணிக்கு வீக்கம் வடிய ஆரம்பித்தது. நான் வாரத்தில் ஒரு நாள் போவேன். ஒருமுறை போனபோது பாதத்தில் நரம்பு தெரிந்தது. கண்ணும் திறந்திருந்தது. சின்ன டாக்டருக்கே ஆச்சரியம். "வீட்டுல இருந்தப்ப என்ன சாப்பிட்டாங்க, என்ன பண்ணாங்க, நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. இங்க வந்ததும் குறையுது. ஏதோ ஒண்ணு நின்னிருக்கணும்" என்றார். பாப்பாத்தி மறுபடியும் உப்பைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அடுத்த வாரம் பெரிய டாக்டர் வருவார், அவரிடம் காட்டலாம் என்றார்.

செங்கேணி என்னைக் குனியச் சொல்லி மெதுவாகக் கேட்டாள். "அத்தை, மூஞ்சி கருத்துப்போச்சு இல்ல? நேத்து அவரு வந்தாரு. நான் போர்வைய இழுத்து மூடிக்கினேன். அந்தம்மாவும் வருதாம். ஒரு டப்பி கொண்டாந்து குடுங்களேன்."

மறுபடியும் போகும்போது கொண்டுபோனேன். பெரிய டாக்டர் வருவதற்கு முன்னாலேயே போனேன். அவள் கையில் ஊசி ஏற்றியிருந்ததால் நான்தான் பூசிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பாப்பாத்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், பெற்றவளைவிட அக்கறையாக இருக்கிறாயே அக்கா என்று சொல்லி அழுதாள். இன்னொரு டப்பியையும் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

இரக்கத்தால் செய்தேன் என்று பிற்பாடு தமன்னா கேட்டபோது சொன்னேன். உங்களிடமும் நேற்று அப்படித்தான் சொன்னேன்.

வீக்கம் திரும்பியது. உப்பை நிறுத்தியும் திரும்பியதால் பெரிய டாக்டர் வேறு மாத்திரைகள் எழுதினார். கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டிலும் பூசிக்கொண்டுதான் இருந்தாள். நோன்பு மாதத்தில் ஒருநாள் மதியம், மூச்சு முட்டுகிறது என்று சொன்னாளாம். பாப்பாத்தி ஆட்டோ பிடிக்க ஓடியிருக்கிறாள். பலராமனுடைய ஆட்டோதான் வந்தது. அதற்குள் முடிந்துவிட்டது.

நான் நோன்போடு போனேன். அன்றைக்கு நல்ல வெயில். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பலராமன் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான், இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை. பாப்பாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உப்பு தின்னுடுச்சு அக்கா என் புள்ளைய" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சுற்றி நின்ற உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் அசதியாக இருந்தது.

பெருநாள் கழித்து நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. தமன்னாவின் முகத்தை நான்தான் அலங்கரித்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இஜாஸ் நல்ல பையன், நிறத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று தமன்னா பிறகு சொன்னாள். பாப்பாத்தியும் வந்தாள். துக்க வீடு என்று பந்தலுக்குள் வராமல் பின்பக்கம் நின்று, தமன்னா ஏறிய காரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் இன்றைக்கும் அதே உப்பளத்தில்தான் வாருகிறாள். வேறு வேலை இல்லை. வீட்டில் மட்டும் உப்பு போட்டுச் சாப்பிடுவதில்லை. வெறும் கஞ்சி, வெறும் குழம்பு. யார் சொன்னாலும் கேட்பதில்லை. ஒருமுறை என் வீட்டில் சாப்பிடச் சொன்னேன். ஒரு வாய் எடுத்தாள், உப்பு தட்டியதும் இலையை மடித்துவிட்டாள்.

நீங்கள் என்னைப் பிடிக்கவில்லை, மேடம். தமன்னாதான் கொண்டுவந்து சேர்த்தாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வயிற்றுப்பிள்ளையோடு இந்தக் கோடையில் வீட்டுக்கு வந்திருந்தாள். பாப்பாத்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். நான் தடுத்திருக்கலாம், தடுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. பாப்பாத்தி பெட்டியைத் திறந்து மகளுடைய வளையல், ரிப்பன் எல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறாள். ரோஸ் மூடி டப்பி ஒன்றும் இருந்திருக்கிறது, பாதி மீதியோடு.

"இது அதுக்கு உசுரு கண்ணு. ஆஸ்பத்திரிலகூட உங்கம்மா கொண்டாந்து பூசி விட்டாங்க. நீ அது கூட்டாளி, நீயே வச்சிக்கோ" என்று தமன்னா கையில் வைத்திருக்கிறாள்.

தமன்னா வந்து டப்பியை என் முன்னால் வைத்தாள். கத்தவில்லை. உட்காரக்கூட இல்லை.

"எனக்கு நிறுத்தினியேம்மா. அவளுக்கு ஏன் குடுத்த?"

"அவ கேட்டா."

"நானும்தான் கேட்டேன். மூஞ்சி கருக்குதுன்னு அழுதேன். எனக்குக் குடுக்கலையே நீ."

உனக்காகத்தான் என்று சொன்னேன். என் பேரை இதுல சேர்க்காதே என்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அவள் அத்தாவிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், சொல்லிவிட்டு, அந்த வயதான டாக்டரிடம் போய், அங்கிருந்து உங்களிடம் வந்தாள். இப்போது அவள் கோட்டகுப்பத்தில் இருக்கிறாள். போன் எடுப்பதில்லை. குழந்தை எப்போது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை.

பாப்பாத்திக்குச் சொல்லிவிட்டீர்களா? இன்னும் இல்லையா? எப்படியும் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் அவள் உப்பு சேர்த்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன். சொல்லும்போது நான் அங்கே இருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரி விஷயத்தை மறுபடியும் கேட்கிறீர்கள். சரி. நேற்று சொன்னதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள். இரக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் கேட்காவிட்டாலும் நான் கொண்டுபோயிருப்பேன். வீக்கம் வடிந்து நரம்பு தெரிந்த அந்தப் பாதத்தைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டேன். எதை நிறுத்தியதால் சரியாகிறது என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். முழுக்க வடிந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். நிக்காஹ்வுக்கு இன்னும் நாள் இருந்தது.

அவள் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். நான் தொழுகிறவள், மேடம். அப்படி நினைப்பேனா? நிக்காஹ் முடிகிற வரைக்கும் அவளுக்குக் குணமாகக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.